லூப்பின் உச்சியில் கார் ஏன் விழுகிறது? வீட்டில் ரேஸ் ட்ராக் அமைப்பவர்களுக்கு

நீங்கள் கேட்டதைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டு ஆரம்பிக்கிறேன். வாடகை வீடு, சுவரில் ஆணி அடிக்க முடியாது. மகனுக்கு 8 வயது, மகளுக்கு 5. பிறந்தநாளுக்கு வந்த ட்ராக் செட்டை சோபா இருக்கையிலிருந்து சாய்த்து வைத்து ஓட்டுகிறார்கள். லூப்பின் உச்சிக்குப் போனதும் கார் தொப்பென்று கீழே விழுகிறது. இன்னும் உயரம் வேண்டுமா, கரன்ட்டில் ஓடும் செட்டாக வாங்கிவிடலாமா, யார் ஜெயித்தது என்ற சண்டையை எப்படித் தீர்ப்பது என்று மூன்று கேள்விகள். சோபா இருக்கை 40 சென்டிமீட்டர், லூப்பின் விட்டம் 25 சென்டிமீட்டர் என்று அளந்தும் எழுதியிருக்கிறீர்கள். அந்த இரண்டு எண்களும் இருப்பதால் உருப்படியாகப் பதில் சொல்ல முடிகிறது.

இந்த வாரம் புதிதாக எதையும் வாங்க வேண்டாம். சோபாவை விட்டு மேலே ஏறவும் வேண்டாம். என் மகனோடு இந்த வேலையைத் தொடங்கி 11 வருடம் ஆகிறது. மே மாத லீவில் எங்கள் குடியிருப்புப் பிள்ளைகளுக்கும் நடையில் ட்ராக் போட்டுக் கொடுக்கிறேன். கார் ஓடவில்லை என்றால் எல்லாருக்கும் முதலில் தோன்றுவது உயரத்தைக் கூட்டுவதுதான். ஆனால் இருக்கிற உயரத்தையே ட்ராக் பாதி வழியில் தின்றுகொண்டிருந்தால், கூட்டிக் கொடுப்பதையும் அதுதான் தின்னும். கூடவே கார் இன்னும் வேகமாகத் தடத்தை விட்டுப் பறக்கும்.

உங்கள் எண்களையே எடுத்துக்கொள்வோம். பிளஸ் ஒன் இயற்பியலில் செங்குத்து வட்ட இயக்கம் என்று ஒரு பாடம் உண்டு. லூப்பின் உச்சியில் கார் விழாமல் இருக்க, அந்த இடத்திலும் அதற்குக் கொஞ்சம் வேகம் மிச்சம் இருக்க வேண்டும். உச்சி வரை ஏறினால் மட்டும் போதாது. உராய்வே இல்லை என்று வைத்துக்கொண்டால், புறப்படும் இடம் லூப்பின் ஆரத்தைப் போல இரண்டரை மடங்கு உயரத்தில் இருந்தால் சரியாக இருக்கும். அதாவது விட்டத்தைப் போல ஒன்றேகால் மடங்கு. 25 சென்டிமீட்டர் லூப்புக்கு 31 சென்டிமீட்டர் சொச்சம் வரும். உங்களிடம் 40 இருக்கிறது. ஆக, கணக்குப்படி கார் சுற்றியிருக்க வேண்டும். குறைந்தது 9 சென்டிமீட்டர் உயரத்துக்குரிய சக்தி வழியிலேயே கரைந்து போகிறது. அது எங்கே போகிறது என்று கண்டுபிடிப்பதுதான் உங்கள் முதல் வேலை. பிள்ளைகளையும் கூட வைத்துக்கொண்டு தேடுங்கள், அவர்களுக்கு இது பிடிக்கும்.

பெரிய திருடன் இணைப்புகளில் இருக்கிறான். விளக்கை அணைத்துவிட்டு, ட்ராக்கின் ஒரு முனையில் கண்ணைத் தடத்தின் மட்டத்துக்கு வைத்து, மறுமுனையில் மகனை டார்ச் அடிக்கச் சொல்லுங்கள். ஒவ்வொரு இணைப்பிலும் ஒரு மெல்லிய நிழல் தெரியும். அப்புறம் கட்டைவிரல் நகத்தைத் தடத்தில் வைத்து, கார் போகும் திசையிலேயே மெதுவாக இழுத்து வாருங்கள். சில இணைப்புகளில் நகம் வழுக்கிக்கொண்டு இறங்கும். சிலவற்றில் டக் என்று முட்டி நிற்கும். நகம் முட்டும் இடத்தில் சக்கரமும் முட்டும். உருண்டு வரும் கார் அங்கே ஒரு துள்ளு துள்ளிவிட்டுத்தான் போகும், கூர்ந்து கேட்டால் சத்தமே வரும். ஒவ்வொரு டக்கும் உயரத்திலிருந்து கொஞ்சம் பிடுங்கிக்கொள்கிறது.

இதற்கான வைத்தியம் நம் ஓட்டு வீடுகளின் கூரையில் இருக்கிறது. ஓடு வேயும்போது மேல் ஓடு கீழ் ஓட்டின்மேல் படியும்படி வைப்பார்கள், தண்ணீர் எங்கும் முட்டாமல் இறங்கும். ட்ராக்கிலும் மேலே இருக்கும் துண்டு, கீழே இருக்கும் துண்டைவிட ஒரு தாள் கனமாவது உயர்ந்து நிற்க வேண்டும். கீழே இறங்கும் படி காருக்குத் தெரியாது, மேலே ஏறும் படிதான் அதை அடிக்கும். நகம் முட்டும் இணைப்பில், மேல் துண்டின் அடியில் கல்யாணப் பத்திரிகையிலிருந்து வெட்டிய அட்டைத் துண்டு ஒன்றைச் செருகி டேப் ஒட்டுங்கள். பக்கச் சுவர்களையும் இதே மாதிரி தடவிப் பாருங்கள். ஒரு துண்டின் சுவர் உள்பக்கமாக ஒரு மில்லிமீட்டர் நீட்டிக்கொண்டிருந்தாலும் கார் அதில் உரசும். பிளாஸ்டிக் வார்ப்பில் மிச்சமான பிசிறு இருந்தால் உப்புத்தாளால் இரண்டு தேய்ப்பு போதும்.

அடுத்தது தொங்கும் சாய்வு. சோபாவிலிருந்து தரை வரை ட்ராக் அந்தரத்தில் தொங்குகிறதா? கார் இறங்கும்போது அது ஊஞ்சல் மாதிரி அமுங்கி எழும்பும். அந்த அசைவுக்கான சக்தி காரிடமிருந்துதான் போகிறது. பழைய பாடப் புத்தகங்களையும் சாப்பாட்டு டப்பாக்களையும் வரிசையாக அடுக்கி, ஒரு கைப்பிடி இடைவெளிக்கு ஒரு தாங்கல் கொடுங்கள். இன்னும் நல்லது, சாய்வு முழுவதற்கும் அடியில் ஒரு பலகை. லூப்புக்கும் இதே விதிதான். கார் உள்ளே நுழையும்போது லூப் ஒருமுறை ஆடுகிறதா என்று பாருங்கள். அதன் அடிப்பாகத்தை மாஸ்கிங் டேப்பால் டைல்ஸில் அழுத்தி ஒட்டிவிட்டால் ஆட்டம் நிற்கும். செல்லோ டேப் வேண்டாம், உரித்தால் தரையில் பசை நிற்கும்.

சாய்வு தரையைத் தொடும் இடமும் ஒன்று. அங்கே தடம் முழங்கை மாதிரி மடங்கியிருந்தால் காரின் மூக்கு தரையில் இடிக்கும். அந்த இடத்தில் மெதுவாக வளைந்து தரைக்கு வர வேண்டும், வளைவுக்கு அடியில் ஒரு சுருட்டிய துண்டை வைத்தாலே போதும். லூப்புக்கு முன்னால் ஒரு சாண் நேர்த்தடமும் இருக்கட்டும். வளைந்து வந்த வேகத்தில் கார் பக்கவாட்டில் ஆடிக்கொண்டே லூப்புக்குள் நுழைந்தால், உள்ளே சுவரில் தேய்த்துக்கொண்டே ஏறும்.

இவ்வளவும் ட்ராக்கின் தவறு. இனி கார். பொம்மைக் காரைத் தலைகீழாகப் பிடித்து, ஒவ்வொரு சக்கரத்தையும் விரலால் சுண்டிவிட்டுப் பாருங்கள். நான்கில் ஒன்று உடனே நின்றுவிடும். அந்தச் சக்கரத்துக்கும் உடம்புக்கும் நடுவே, அச்சுக் கம்பி தெரியும் இடத்தில் உற்றுப் பாருங்கள். கறுப்பாக ஏதோ சுற்றியிருக்கும். ஊசி நுனியால் நெம்பினால் ஒரு தலைமுடி வரும். இழுக்க இழுக்க வந்துகொண்டே இருக்கும், அதோடு கட்டிலுக்கு அடியில் சேர்ந்த பஞ்சும் தூசியும். எங்கள் வீட்டில் ஒருமுறை ஒரே காரிலிருந்து ஒரு சாண் நீளத்துக்கு முடி எடுத்தோம். அந்தக் கார் அதுவரை கடைசியில்தான் வரும். முடி போன அன்று அதே கார் தரையில் இரண்டு டைல் தூரம் அதிகம் ஓடியது, மகன் எண்ணிச் சொன்னான்.

பொம்மைக் கார்களின் சரித்திரமே சக்கரத்தில்தான் திரும்பியது. அதற்கு முன் சின்ன உலோகக் கார்கள் கையால் தள்ளி விளையாடுவதற்காகச் செய்யப்பட்டவை, தடித்த அச்சில் கனமாகத்தான் உருளும். அமெரிக்காவின் மேட்டல் நிறுவனம் 1968-ல் ஹாட் வீல்ஸ் என்ற பெயரில் 16 கார்களைக் கொண்டு வந்தபோது, மெல்லிய கம்பி அச்சும் உராய்வு குறைந்த பிளாஸ்டிக் சக்கரமும் வைத்தது. அந்தக் கார்கள் ஓடுவதற்கென்றே ஆரஞ்சு நிறத் தடமும் வந்தது. அதுவரை கொடிகட்டிப் பறந்த இங்கிலாந்தின் மேட்ச்பாக்ஸ், மறு வருடமே சூப்பர்ஃபாஸ்ட் என்று தன் சக்கரங்களை மாற்ற வேண்டியதாயிற்று. உங்கள் வீட்டில் பல கம்பெனிக் கார்கள் கலந்திருக்கும். எது ஓடும் எது ஓடாது என்பதை விலை சொல்லாது. ஒரு பலகையை இரண்டு விரல் உயரத்துக்குத் தூக்கி வைத்து, ஒவ்வொன்றாகத் தள்ளாமல் விட்டுப் பாருங்கள். நேராகவும் தூரமாகவும் போவது நல்ல கார். ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு போவது ட்ராக்கில் சுவரைத் தேய்த்தே வேகம் இழக்கும். அடிப்பாகம் தரையோடு ஒட்டிய நீளமான கார்களை லூப்புக்கு எடுக்காதீர்கள். வளைவில் வயிறு தட்டும்.

சக்கரத்துக்கு எண்ணெய் போடலாமா என்று அடுத்துக் கேட்பீர்கள். தேங்காய் எண்ணெயும் வேண்டாம், தையல் மெஷின் எண்ணெயும் வேண்டாம். முதல் பத்து நிமிஷம் பிரமாதமாக ஓடும். மறுநாள் தூசி பிடித்து அச்சில் கறுப்புப் பசையாக உட்கார்ந்துவிடும். பூட்டுக்குப் போடும் கிராஃபைட் தூள் ஹார்டுவேர் கடைகளில் கிடைக்கும். ஊசி நுனியளவு அச்சில் வைத்து, சக்கரத்தைப் பத்து முறை சுற்றிவிட்டு, மிச்சத்தை ஊதாமல் துணியால் துடைத்துவிடுங்கள். அதை நீங்களே செய்யுங்கள், குழந்தைகள் கையில் கொடுக்க வேண்டாம். இன்னொன்று, ட்ராக் வழுக்கட்டும் என்று கேரம் பவுடரைத் தூவுகிறவர்கள் இருக்கிறார்கள். சில கேரம் பவுடர்களில் போரிக் அமிலம் உண்டு, வயிற்றுக்குள் போகக் கூடாதது. உங்கள் வீட்டில் 5 வயதுப் பிள்ளை இருக்கிறாள். ட்ராக்குக்கு உலர்ந்த துணி போதும்.

இத்தனையும் செய்த பிறகு, அதே சோபாவில் 40 சென்டிமீட்டரிலேயே ஒருமுறை விட்டுப் பாருங்கள். நல்ல கார் ஒன்றிரண்டாவது சுற்றிவிடும் என்று எதிர்பார்க்கிறேன். அதற்கப்புறம் உயரத்துக்கு வரலாம். இழப்புகளையெல்லாம் சேர்த்து, லூப்பின் விட்டத்தைப் போல இரண்டு மடங்கு உயரம் வைத்தால் ஏறக்குறைய எல்லாக் காரும் சுற்றும். உங்கள் லூப்புக்கு 50 சென்டிமீட்டர், சோபாவின் கை வைக்கும் இடமே அதற்குப் போதும்.

இன்னும் உயரம் வேண்டும் என்று மகன் கேட்பான், கட்டாயம் கேட்பான். ஆணி இல்லாமல் உயரம் கிடைக்க நம் வீடுகளில் ஜன்னல் கம்பியைவிட நல்ல இடம் கிடையாது. ட்ராக்கின் மேல் முனைக்கு அடியில் 30 சென்டிமீட்டர் ஸ்கேல் ஒன்றை டேப் போட்டு ஒட்டி, அந்த ஸ்கேலைக் கம்பியோடு துணி க்ளிப்பால் கவ்வ வைத்தால் அசையாது. வேண்டும்போது ஒரு கம்பி ஏற்றலாம், இறக்கலாம். ஆனால் ஒரு மீட்டருக்கு மேல் போகாதீர்கள். உயரத்தை இரண்டு மடங்காக்கினால் வேகம் இரண்டு மடங்காகாது, ஒன்றே முக்கால் பங்குகூட ஆகாது, 1.4 மடங்குதான் ஆகும். ஆனால் தடம் விட்டுப் பறந்து வந்து இடித்தால், அந்த இடியின் சக்தி முழுதாக இரண்டு மடங்கு. ஒரு மீட்டர் உயரத்திலிருந்து இழப்பில்லாமல் இறங்கும் கார் வினாடிக்கு 4.4 மீட்டர் வேகத்தில் வரும். உலோகக் காருக்கு அது போதும், குழந்தையின் கணுக்காலுக்கு அது அதிகம்.

ட்ராக் நீளம் பற்றவில்லை என்றால் பொம்மைக் கடைக்கு முன் எலக்ட்ரிக்கல் கடைக்குப் போங்கள். சுவர்மேல் வயர் இழுக்கப் பயன்படும் பிவிசி கேசிங் பட்டி, அதன் மூடியைக் கழற்றிவிட்டால், பக்கச் சுவரோடு கூடிய நேர்த்தடம்தான். பல அகலங்களில் வரும். காரைக் கையோடு எடுத்துப் போய் உள்ளே வைத்து உருட்டிப் பாருங்கள். சக்கரத்துக்கு இரு பக்கமும் மூன்று நான்கு மில்லிமீட்டர் இடம் இருந்தால் சரியான அளவு. மூடி மாட்டும் விளிம்பு உள்பக்கம் மடங்கி இருக்கும், அதில் கார் உரசவில்லை என்பதையும் கவனியுங்கள். நீளமான பட்டியில் இணைப்பே குறைவு, அதனால்தான் விலை உயர்ந்த செட்டைவிட இதில் கார்கள் தூரம் ஓடுகின்றன. வளைவுக்கு இது ஆகாது, மடக்கினால் ஒடியும். வெட்டிய முனையை உப்புத்தாளால் மழுக்காமல் பிள்ளைகளிடம் கொடுக்காதீர்கள்.

இரண்டு பட்டி வாங்கிவிட்டால் ஒரு பரிசோதனையைக் கட்டாயம் செய்து காட்டுங்கள், எனக்கு இந்த முழுப் பொழுதுபோக்கிலும் மிகப் பிடித்தது இதுதான். இரண்டு தடங்களும் ஒரே உயரத்தில் தொடங்கி ஒரே கோட்டில் முடியட்டும். ஒன்று பலகையின்மேல் நேராகச் சாய்ந்திருக்கட்டும். மற்றொன்று தொடக்கத்தில் செங்குத்தாக இறங்கி, அப்புறம் தொட்டில் மாதிரி வளைந்து முடியட்டும். பிவிசி இந்த அளவுக்கு வளையாது என்றால் இதற்கு மட்டும் செட்டோடு வந்த வளையும் துண்டுகளை எடுத்துக்கொள்ளுங்கள். எது முதலில் வரும் என்று கேளுங்கள். நேர்த்தடம்தான் குட்டை, அதனால் அதுதான் என்பார்கள் பிள்ளைகள். பெரியவர்களும் அதையேதான் சொல்வார்கள். விட்டுப் பார்த்தால் வளைந்த தடத்துக் கார் முந்தும். தூரம் அதிகம், ஆனால் தொடக்கத்திலேயே வேகத்தைச் சம்பாதித்துவிடுவதால் மீதி வழி முழுவதும் அந்த வேகத்திலேயே ஓடுகிறது. எந்த வளைவில் இறங்கினால் மிகச் சீக்கிரம் வரலாம் என்ற இந்தக் கேள்வியைத்தான் 1696-ல் யோஹான் பெர்னூலி என்ற சுவிஸ் கணித அறிஞர் ஐரோப்பாவின் கணக்குப் புலிகளுக்குச் சவாலாக விடுத்தார். நியூட்டன் உட்படச் சிலர் விடை கண்டார்கள். உருளும் சக்கரத்தின் விளிம்பில் ஒரு புள்ளி வைத்தால் அது காற்றில் வரையும் கோட்டைத் தலைகீழாகத் திருப்பினால் வருவதுதான் அந்த வளைவு. உங்கள் ஹாலில் அது துல்லியமாக அமைய வேண்டியதில்லை, தோராயமாக இருந்தாலே வித்தியாசம் கண்ணுக்குத் தெரியும்.

வளைவான பாதைக்கு ஒரே ஒரு விஷயம் சொல்கிறேன். வெளி விளிம்பைத் தூக்கி வையுங்கள். எவ்வளவு என்றால், 30 சென்டிமீட்டர் ஆரமுள்ள வளைவில் வினாடிக்கு ஒன்றரை மீட்டர் வேகத்தில் வரும் கார் சுவரைத் தேய்க்காமல் போக 37 டிகிரி சாய்வு வேண்டும். அமெரிக்காவின் டேட்டோனா பந்தயத் தடத்தில் நிஜக் கார்களுக்கே 31 டிகிரிதான். அதே வளைவுக்கு வினாடிக்கு 3 மீட்டர் வேகத்தில் வந்தால் 72 டிகிரி, கிட்டத்தட்டச் சுவர். அதனால் வளைவைச் சாய்வின் அடியிலேயே வைக்காமல், லூப்பையும் நேர்த்தடத்தையும் தாண்டி கார் களைத்த பிறகு வையுங்கள். வெளி விளிம்புக்கு அடியில் மடித்த செய்தித்தாள் கட்டு, போதும்.

இப்போது சண்டைக்கு வருகிறேன். யார் ஜெயித்தது என்ற சண்டை பெரும்பாலும் பிள்ளைகளின் குணத்தால் வருவதில்லை, தொடக்கமும் முடிவும் சரியாக அமையாததால் வருகிறது. இரண்டு பேர் ஆளுக்கொரு காரைக் கையால் விட்டால் ஒருபோதும் ஒன்றாக விட முடியாது, அண்ணன் எப்போதும் ஒரு கணம் முந்துவான். ஒரு செருப்புப் பெட்டியைக் கவிழ்த்து, இரண்டு தடமும் நுழைய முன்னும் பின்னும் வாசல் வெட்டி, சாய்வின் மேல் முனையில் வையுங்கள். முன் வாசலுக்கு மேலே ஒரு ஸ்கேலைப் படுக்கைவாக்கில் வைத்து, அதன் மேல் விளிம்பு முழுவதும் டேப் ஒட்டினால் அது கதவு மாதிரி தொங்கும். கார்கள் இரண்டும் அதில் மூக்கை முட்டிக்கொண்டு நிற்கும். நடுவில் விரலால் பிடித்திருந்து, சட்டென்று மேலே தூக்கினால் இரண்டு காரும் ஒரே கணத்தில் புறப்படும். ஸ்கேல் விறைப்பானது, எங்கே பிடித்துத் தூக்கினாலும் முழு நீளமும் ஒன்றாக எழும்பும். கதவைத் தூக்கும் பொறுப்பைத் தங்கைக்குக் கொடுங்கள்.

முடிவுக் கோட்டுக்கு போன் போதும், ஆனால் சாதாரண வீடியோ போதாது. வினாடிக்கு 30 படம் எடுக்கும் வீடியோவில், 3 மீட்டர் வேகத்தில் வரும் கார் ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் நடுவே 10 சென்டிமீட்டர் போய்விடும். காரின் நீளமே 7 சென்டிமீட்டர்தான். அதாவது கார் கோட்டைத் தாண்டும் கணம் எந்தப் படத்திலும் பதியாமலே போகலாம். போனில் ஸ்லோ மோஷன் 240 இருந்தால் அதே இடைவெளி ஒன்றேகால் சென்டிமீட்டராகச் சுருங்கும். போனைக் கோட்டுக்கு நேர் பக்கத்தில், தரையோடு தரையாக, நான்கு புத்தகங்களுக்கு நடுவே செருகி நிறுத்துங்கள். கோணலாக வைத்தால் பக்கத்துத் தடத்துக் கார் முந்துவது போலத் தெரியும்.

அப்புறமும் ஒரு அநியாயம் மிச்சமிருக்கும். இரண்டு தடங்கள் ஒருபோதும் ஒன்றுபோல இருப்பதில்லை. அதனால் ஒவ்வொரு ஜோடியும் இரண்டு முறை ஓட வேண்டும், இரண்டாம் முறை தடத்தை மாற்றிக்கொண்டு. இரண்டிலும் ஜெயித்தால்தான் ஜெயம். ஆளுக்கொன்று வந்தால் சமன், ஆளுக்கு ஒரு புள்ளி. நான்கு கார்கள் இருந்தால் ஆறு ஜோடி, பன்னிரண்டு ஓட்டம், ஒரு சாயங்காலத்துக்குச் சரியான அளவு. எட்டுக் காரை இப்படி ஓடவிட்டால் 56 ஓட்டம் ஆகும், பாதியில் சின்னவள் எழுந்து போய்விடுவாள். எட்டு என்றால் தோற்றவர் விலகும் முறையே சரி. புள்ளிகளைப் பெரியவன் ஒரு நோட்டில் எழுதட்டும். எங்கள் வீட்டு நோட்டில் 2017-லிருந்து எந்தக் கார் எந்த நாள் எத்தனை எடுத்தது என்று இருக்கிறது. கையெழுத்து மாறிக்கொண்டே வந்திருப்பதைப் பார்க்க எனக்கு அந்த நோட்டு ட்ராக்கைவிட அருமையாகிவிட்டது.

5 வயதுக்காரிக்கு வேகப் போட்டியில் மட்டும் இடம் கொடுக்காதீர்கள், அண்ணனுக்குச் சாதகமான விளையாட்டு அது. தரையில் ஒரு கோடு டேப்பால் ஒட்டி, அந்தக் கோட்டுக்கு மிக அருகில் யார் கார் நிற்கிறதோ அவருக்கு ஜெயம் என்று வையுங்கள். சாய்வில் எந்த உயரத்தில் விட வேண்டும் என்பதை அவரவர் முடிவு செய்ய வேண்டும். இரண்டு மூன்று முறை விட்டுப் பார்த்ததும் சின்னப் பிள்ளைகள் அந்த இடத்தைக் கையாலேயே பழகிக்கொள்கிறார்கள். எங்கள் அக்கா மகள் அந்த வயதில் இந்த விளையாட்டில் பெரியவர்களையெல்லாம் தோற்கடித்திருக்கிறாள்.

பெரியவனுக்கு இன்னொரு தூண்டில், எடை. காரின்மேல் ஒரு ரூபாய் நாணயத்தை டபுள் சைட் டேப்பால் ஒட்டி, ஒட்டாமல் ஓடியதோடு ஒப்பிடச் சொல்லுங்கள். எடை கூடினால் வேகமாக விழும் என்பது சரியல்ல என்று பள்ளியில் படிப்பான். ஆனால் காற்றின் தடை காரின் வடிவத்தையும் வேகத்தையும் பொறுத்தது, எடையைப் பொறுத்ததல்ல. அதே தடை கனமான காரைக் குறைவாகத்தான் தாமதப்படுத்தும். நாணயம் பின்பக்கம் இருந்தால் இன்னும் கொஞ்சம் லாபம், சாய்வில் நிற்கும்போது காரின் பின்பாதிதானே உயரத்தில் இருக்கிறது. அமெரிக்காவில் சாரணச் சிறுவர்கள் 1953-லிருந்து பைன்வுட் டெர்பி என்று மரக் கார்களைச் சாய்வில் ஓடவிடுகிறார்கள். அங்கே ஒரு காருக்கு 5 அவுன்ஸ், சுமார் 142 கிராம், அதற்கு மேல் கூடாது என்பது விதி. எல்லாரும் அந்த எல்லையைத் தொட்டுக்கொண்டு எடையைப் பின்னால் வைக்கப் பார்ப்பார்கள். எடைக்கு மீன்பிடி ஈயக் குண்டு மட்டும் வேண்டாம், ஈயம் குழந்தைகள் கையில் புழங்கக் கூடாது. லூப்பில் ஓடும்போது நாணயத்தைக் கழற்றிவிடுங்கள், பறந்தால் அதுவும் சேர்ந்து பறக்கும்.

கரன்ட் செட் பற்றிக் கேட்டீர்கள். இங்கிலாந்தில் ஃபிரெட் ஃபிரான்சிஸ் என்பவர் 1957-ல் ஸ்கேலெக்ஸ்ட்ரிக் என்று கொண்டு வந்த அந்த வகைத் தடங்களில், நடுவே ஒரு பள்ளமும் அதன் இரு ஓரமும் உலோகப் பட்டியும் இருக்கும். காருக்கு அடியிலுள்ள இரண்டு உலோகப் பின்னல்கள் பட்டியில் உரசி மின்சாரம் எடுக்கும். கையிலிருக்கும் விசையை அழுத்தும் அளவுக்கு வேகம். அருமையான விளையாட்டு, வளைவுக்கு முன் விரலை எவ்வளவு விடுவது என்பது ஒரு தனிக் கலை. ஆனால் பின்னலில் முடியும் தூசியும் சேர்ந்தால் கார் திக்கித் திக்கி ஓடும். பட்டியை விளையாட்டுக்கு முன் ஒவ்வொரு முறையும் துடைக்க வேண்டும். ஹாலில் விரித்த இடத்திலேயே நாள்கணக்கில் கிடக்கவும் வேண்டும். பெருக்கித் துடைக்கும் நம் ஹாலில் அது நடக்காது. மகனுக்குப் பத்து வயதாகட்டும், ஒரு பலகைமேல் நிரந்தரமாகப் பொருத்திக் கட்டிலுக்கு அடியில் தள்ளும் வசதி இருந்தால் அப்போது வாங்குங்கள். அந்தச் செட்டில் கிராஃபைட் தூளைப் பயன்படுத்தாதீர்கள், அது மின்சாரத்தைக் கடத்தும்.

கடைசியாக, எடுத்து வைப்பது. ட்ராக் முடியும் இடத்தில் ஒரு பழைய துண்டை மடித்துப் போடுங்கள், இல்லையென்றால் கார்கள் பீரோவுக்கு அடியில்தான் போய்ச் சேரும். கழற்றும் முன் ஒவ்வொரு துண்டின் அடியிலும் மார்க்கரால் எண்ணும், கார் போகும் திசைக்கு ஓர் அம்புக்குறியும் போடுங்கள். அட்டை வைத்துச் சரிசெய்த இணைப்புகளைத் திருப்பி மாட்டினால் இறங்கும் படியெல்லாம் ஏறும் படியாகிவிடும். துடைத்த துண்டுகளை மொட்டை மாடியில் காய வைக்காதீர்கள், வெயிலில் பிளாஸ்டிக் முறுக்கிக்கொள்ளும். கட்டிலுக்கு அடியில் தட்டையாகப் படுக்க வையுங்கள். லூப்பை மட்டும் மடக்காமல், மேலே எதுவும் அழுத்தாத இடத்தில் தனியாக வையுங்கள்.